உட்கார ஓர் இடம்

தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் திண்ணைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது வீட்டைச் சேர்ந்தது. ஆனால் தெருவுக்கும் உரியது. வழிப்போக்கர் அதில் படுத்து எழுந்து போவார். பஞ்சாயத்துப் பேச்சு அதில் நடக்கும். காலையில் மணலைப் பரப்பினால் அதுவே பள்ளிக்கூடம். ஆனா ஆவன்னாவை விரலால் மணலில் எழுதிப் பழகிய பிள்ளை, பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போகும். பள்ளிக்கென்று கட்டடமோ பலகையோ தேவைப்படவில்லை. ஒரு வாத்தியார், ஒரு பிரம்பு, மனப்பாடமாகச் சில சுவடிகள் இருந்தால் போதும்.

அந்தத் திண்ணையை எட்டுவதற்கு முதலில் அந்தத் தெருவில் நடக்க வேண்டும். அங்கே நடக்க உரிமை இல்லாத பிள்ளைக்கு, எவ்வளவு திறந்த திண்ணையும் மூடியதுதான். தமிழகத்துப் பள்ளிக்கூட வரலாற்றை ‘யார் என்ன படித்தார்கள்’ என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ‘யார் எங்கே உட்கார்ந்தார்கள்’ என்று கேட்டுப் பார்த்தால் அதே வரலாறு வேறு முகம் காட்டுகிறது.

திண்ணைப் பள்ளியின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். பிந்தி வந்தவனுக்கு அடி. சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் இளையவர்களைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான். வாத்தியார் இல்லாத நேரத்தில் அவன்தான் வாத்தியார். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு எல்லாம் தலைகீழாக ஒப்பிக்க வர வேண்டும். அதற்கும் மேலாக எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிப்பெருக்கம். முந்திரி, காணி, மா என்று ஒன்றுக்குக் கீழே இறங்கும் பின்னங்களை எட்டு வயதுப் பிள்ளை மூச்சு விடாமல் சொல்லும். வாத்தியாருக்கு நெல்லாகவும் காசாகவும் கூலி வரும். நவராத்திரியில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போய் அவருக்குக் காசு சேர்த்துக் கொடுப்பார்கள். உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் இந்த உலகத்தை மிக நெருக்கமாக எழுதி வைத்திருக்கிறார்.

இந்தப் பாடங்களை உற்றுப் பார்த்தால், அவை யாருக்காக அமைந்தவை என்பது தெரியும். நெல்லிலக்கம் களத்து மேட்டுக் கணக்கு. குழிப்பெருக்கம் நிலத்தை அளக்கும் கணக்கு. கிராமத்துக் கணக்குப்பிள்ளையும், நிலக்காரரும், வியாபாரியும் தம் பிள்ளைகளுக்கு வேண்டியதைத்தான் திண்ணையில் சொல்லிக் கொடுக்க வைத்தார்கள். அறுவடை நாளில் மரக்கால் நெல்லைக் கூலியாக வாங்கியவருக்கு, அந்த அளவு சரிதானா என்று பார்க்கும் வாய்பாடு தெரியாது. தெரிந்துகொள்ளும் இடத்தில் அவர் பிள்ளைக்கு உட்கார இடம் இல்லை. எண் தெரிந்தவர் அளந்து போட, எண் தெரியாதவர் முந்தானையிலும் துண்டிலும் வாங்கிக்கொண்டு போனார். கல்வியும் நிலமும் ஒரே கையில் இருந்ததன் பொருள் இதுதான்.

இந்தத் திண்ணைப் பள்ளிகளை முதன்முதலாக எண்ணிப் பார்த்தது கம்பெனி அரசு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25 அன்று எழுதிய குறிப்பில், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், எந்தச் சாதியார் என்று ஆட்சியர்கள் கணக்கெடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டார். எல்லாம் வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ தொகுத்துச் சொன்ன எண்கள் இன்றும் விவாதத்துக்கு உள்ளாகின்றன: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மாகாணத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளையும் சேர்த்தால், ஐந்து முதல் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு வகையில் படிக்கிறார்கள் என்று அவர் மதிப்பிட்டார். அக்கால ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பழைய நிலையைவிட இது மேல் என்றும் எழுதினார்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் தரம்பால் என்ற ஆய்வாளர் அந்த ஆவணங்களைத் தூசி தட்டி எடுத்து 1983-இல் நூலாக்கினார். 1931-இல் லண்டனில் காந்தி பேசும்போது, இந்தியக் கல்வி என்ற அழகிய மரத்தை ஆங்கிலேயர் வேரைத் தோண்டிப் பார்த்து அப்படியே விட்டுவிட்டதால் அது பட்டுப்போனது என்ற பொருளில் சொன்னதைத் தலைப்பாக்கிக்கொண்டார். தரம்பால் காட்டிய உண்மை முக்கியமானது. தமிழ் மாவட்டங்களின் திண்ணைகளில் இருந்தவர்களில் பெரும்பான்மையோர் பிராமணப் பிள்ளைகள் அல்லர். பட்டியலில் ‘சூத்திரர்’ என்று எழுதப்பட்டவர்கள். எழுத்து முழுவதும் ஒரு சாதியின் பூட்டுக்குள் இருந்தது என்ற எளிய கதை அதோடு உடைந்தது.

ஆனால் அந்தப் பட்டியலின் கட்டங்களையும் பார்க்க வேண்டும். பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள், ‘மற்றச் சாதியார்’. வயலில் உழைத்த பறையருக்கும் பள்ளருக்கும் சக்கிலியருக்கும் தனிக் கட்டம் கிடையாது. ‘சூத்திரர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நிலமுள்ள வேளாளரும் இருந்தார்கள். கணக்கு எழுதியவர்களும் இருந்தார்கள். மரம் அழகாகத்தான் இருந்தது. அதன் நிழல் ஊர்த்தெருவோடு நின்றுவிட்டது.

இன்னொரு எண்ணும் அதே தொகுப்பில் உண்டு. 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. பல மாவட்டங்களிலிருந்து வந்த குறிப்புகள், பள்ளிக்கு வரும் அந்தச் சில பெண்களும் பெரும்பாலும் கோயிலில் ஆடும் குலத்தைச் சேர்ந்தவர்கள் என்றன. குடும்பப் பெண்ணுக்கு எழுத்து ஆகாது. தாசிக்கு அது தொழிலின் பகுதி. எழுதப் படிக்கத் தெரிந்ததே ஒரு பெண்ணின் மீது சந்தேகத்தைக் கொண்டுவந்த காலம் அது. நூறாண்டு கழித்து இந்தக் கணக்குக்கு ஒரு பதில் வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

திண்ணை முறை கடல் தாண்டியும் போயிருக்கிறது. 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், சென்னைப் பக்கத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த பிள்ளையே இளையவனுக்குக் கற்பிக்கும் முறையை ஓர் ஒழுங்காக வகுத்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அதன்படி படித்தார்கள். தமிழ்நாட்டுச் சட்டாம்பிள்ளை இங்கிலாந்துத் தொழிலாளியின் மகனுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தபோது, தன் ஊரின் சேரிப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை.

1854-இன் கல்வி அறிக்கைக்குப் பின் மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. அரசுப் பள்ளியில் சாதியைக் காட்டி யாரையும் மறுக்கக்கூடாது என்பது ஏட்டில் கொள்கையாயிற்று. ஏட்டுக்கும் கிராமத்துக்கும் நடுவே இருந்த தூரத்தைச் செங்கல்பட்டு மாவட்டம் தெளிவாகக் காட்டியது. அங்கே ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் பறையர் நிலைமை பற்றி நீண்ட அறிக்கை ஒன்றை அரசுக்கு அனுப்பினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. மிராசுதார் நினைத்தால் எழுப்பிவிடலாம். கூலி உயர்த்திக் கேட்டவரையும், வேறிடம் போக நினைத்தவரையும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவரையும் பணியவைக்க அந்த ஒரு பிடி போதும். திருவள்ளூர் பக்கம் வில்லியம் கவுடியும் செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூவும் சேரிக்குள் பள்ளி நடத்த முயன்றபோது முதலில் முட்டி நின்றது இந்த மனைப் பிரச்சினையில்தான். பள்ளிக்கூடம் போட அரைக் காணி இடம் வேண்டும். அந்த அரைக் காணி யாருடையது?

அந்த அறிக்கையின் விளைவாகத்தான் 1892-இல் நிலம் வழங்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் மக்கள் சொல்வது அதைத்தான். 1893 பிப்ரவரியில், தீண்டப்படாதோர் கல்விக்குச் சிறப்புப் பள்ளிகள், கூடுதல் மானியம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்கு வழி செய்யும் அரசாணையும் வெளியானது. நிலமும் பள்ளியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்தது தற்செயல் அல்ல.

அதே ஆண்டுகளில் அந்த மக்களுக்குள்ளிருந்தே குரல்கள் எழுந்தன. அயோத்திதாசர் 1892-இல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் தம் மக்களுக்கு இலவசக் கல்வி வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டது நான்காம் வகுப்பு வரைக்கும்தான். பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாறு ஊரூரில் தம் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கியதற்குப் பின்னால் அயோத்திதாசரின் தொடர்பும் தூண்டுதலும் உண்டு. ஆல்காட்டின் பெயரைத் தாங்கிய பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் இருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் பள்ளிக்குப் போன நாட்களைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் பதிவு செய்திருக்கிறார். ஏறத்தாழ நானூறு பிள்ளைகள் படித்த அந்த இடத்தில் பத்துப் பேர் தவிர அனைவரும் பிராமணர்கள். யாராவது சாதி கேட்டுவிடுவார்களோ, ஊரும் உறவும் விசாரிப்பார்களோ என்ற அச்சத்தில், அவர் மணி அடிக்கும் வரை வெளியே எங்கேயோ தனியாக உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழைவார். பள்ளி விட்டதும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாதபடி வீட்டுக்கு விரைவார். சக பிள்ளைகளோடு விளையாடவே முடியாமல் போன வருத்தத்தையும் எழுதியிருக்கிறார். இந்தப் பிள்ளைக்கு வகுப்புக்குள் பெஞ்சில் இடம் கிடைத்துவிட்டது. விளையாட்டு மைதானத்தில் கிடைக்கவில்லை.

பின்னாளில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே 1893-இல் பத்திரிகை தொடங்கிய சீனிவாசன், அதே ஆண்டு எடுத்த ஒரு நிலைப்பாடு அக்காலத் தேசியவாதிகளுக்குச் சினமூட்டியது. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. அதை எதிர்த்து 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவை அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். தேர்வு இங்கே வந்தால் யார் அதில் தேறுவார்கள், தேறி வந்து யாரை ஆள்வார்கள் என்ற கேள்வி அவருக்கு இருந்தது. நாட்டுப்பற்றை வைத்து அந்த மனுவை எடை போடுவது எளிது. கோயம்புத்தூர் பள்ளிக்கு வெளியே தனியே உட்கார்ந்திருந்த சிறுவனை வைத்தும் எடை போட வேண்டும்.

அவருடைய கேள்வி வெறும் அச்சம் அல்ல என்பதை எண்களே சொல்கின்றன. 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்த பட்டதாரிகள் 650 பேர். அவர்களில் 452 பேர் பிராமணர்கள். மாகாண மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். இத்தகைய கணக்குகளைத்தான் 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை உலகறியச் செய்தது. ஏடும் எழுத்தும் பல தலைமுறையாகப் பழகிய வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலக் கல்வி ஒரு படிதான். முதல் தலைமுறையாக வந்தவனுக்கோ அது செங்குத்துப் பாறை. தேர்வு இருவருக்கும் ஒரே வினாத்தாளைத்தான் கொடுத்தது.

திண்ணைக்குத் திரும்புவோம். 1919-இல் சென்னை அரசு ஒரு கணக்கு எடுத்தது: பொது நிர்வாகத்தில் இருக்கும் பள்ளிகளில் எத்தனை, பஞ்சமர் எனப்பட்ட தீண்டப்படாதோரின் பிள்ளைகளைச் சேர்க்கின்றன? 8,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 600-ஐச் சற்றே தாண்டிய எண்ணிக்கைதான் தேறியது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிகளின் நிலை இது. காரணங்களில் பெரியது பள்ளி இருந்த இடம். அக்கிரகாரத்தில் ஒரு வீடு, கோயில் மண்டபம், ஊர்ச் சாவடி, பெரிய மனிதர் இலவசமாகக் கொடுத்த திண்ணை. இந்த இடங்களில் எதற்குள்ளும் சேரிப் பிள்ளை கால் வைக்க முடியாது. ஆகவே அந்தப் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று யாரும் எழுதித்தர வேண்டிய தேவையே எழவில்லை. பள்ளிகளை எல்லாரும் வரக்கூடிய இடங்களுக்கு மாற்ற வேண்டும், இனி அக்கிரகாரத்திலும் கோயிலிலும் வாடகைக்கு எடுக்கக்கூடாது என்று ஆணைகள் போயின. ஆணையை நிறைவேற்ற வேண்டிய வட்டக் கழகங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் அதே தெருக்காரர்கள்.

அரசு வேறொரு வழியையும் எடுத்தது. புதிதாக அமைந்த தொழிலாளர் துறை மூலம் சேரிகளிலேயே தனிப் பள்ளிகளைக் கட்டியது. லேபர் ஸ்கூல் என்று ஊரார் அழைத்த அந்தப் பள்ளிகள் பிறகு ஹரிஜன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக 1,100-க்கும் மேல் நிற்கின்றன. ஊர்ப் பள்ளியின் கதவு திறக்காததால் பிறந்த பள்ளிகள் அவை. ஒரு தலைமுறைக்கு எழுத்தறிவித்த பெருமை அவற்றுக்கு உண்டு. ஊருக்கு ஒரு பள்ளி, காலனிக்கு ஒரு பள்ளி என்ற பிரிவைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டி நிறுத்தியதும் அவைதான். அன்றைக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கவில்லை என்பதே நேர்மையான பதில்.

மதுரைப் பக்கம் பள்ளி வேறொரு கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. பிரமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் அரசு பட்டியலிட்டது. ரேகைச் சட்டம் என்று மக்கள் அதைச் சொன்னார்கள், ஏனெனில் வயதுவந்த ஆண்கள் கைரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன் பின் வந்த ‘சீரமைப்பு’த் திட்டத்தில்தான் கள்ளர் பள்ளிகள் தொடங்கின. தந்தை காவல் நிலையப் பதிவேட்டில், மகன் பள்ளிப் பதிவேட்டில். அந்தப் பள்ளிகளில் படித்து ஆசிரியரும் அலுவலரும் ஆனவர்கள் ஏராளம்; இன்று உசிலம்பட்டி வட்டாரத்தில் அவற்றை மக்கள் தங்கள் சொத்தாகவே கருதுகிறார்கள்.

யாரும் தரும் வரை காத்திராமல் இடத்தைத் தானே உண்டாக்கியவர்களில் சுவாமி சகஜானந்தர் முதல் வரிசையில் வருகிறார். ஆரணிப் பக்கத்தில் 1890-இல் பிறந்தவர். சிதம்பரத்துக்கு வந்து 1916-இல் ஒரு சிறு கொட்டகையில் விரல்விட்டு எண்ணும் பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். வைத்த பெயர் நந்தனார் பள்ளி. தில்லைக் கோயிலுக்குள் நுழைய நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது என்று புராணம் சொல்லும் அந்த மனிதரின் பெயரில், அதே சிதம்பரத்தில், நெருப்பில் இறங்காமல் நுழையக்கூடிய ஒரு வாசலை அவர் கட்டினார். அவருக்குச் சமகாலத்தவரான எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, பாடநூல்கள் எழுதி, சட்டமன்றத்துக்குள் போனவர். இருவரும் மேடையில் பேசும்போது கல்வியைப் பற்றிய பேச்சு கடைசியில் விடுதியில் வந்து நிற்கும்: தங்க இடமும் சோறும் இல்லாமல் அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கும்?

சோறு என்றதும் இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

முதலாவது, சென்னை ஆயிரம் விளக்கு. 1920 செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி மன்றத்தில், தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவருக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்போகாமல் சிற்றுண்டி கொடுக்கலாம். பிள்ளைகள் ஏழைகள், பசியால் பள்ளிக்கு வருவது குறைகிறது என்பது காரணம். சேர்க்கை உயர்ந்தது, வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவை அனுமதிக்க முடியாது என்று அரசு சொன்னதால் 1925-இல் அது நின்றுபோனது.

அதே 1925-இல் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலம் தேசியக் கல்விக்காகப் பொதுமக்கள் பணத்திலும் காங்கிரசின் நன்கொடையிலும் வளர்ந்தது. அங்கே இரண்டு பிராமண மாணவர்களுக்கு, அவர்கள் பெற்றோர் கேட்டுக்கொண்டபடி, தனிப் பந்தி. செய்தி வெளியே வந்ததும் காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தார்கள். ஐயர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். நாட்டுக்காகத் தலைமறைவாக வாழ்ந்தவர். காந்தியின் யோசனை, இருக்கும் இருவருக்கு மட்டும் விலக்கு, இனிச் சேர்வோருக்குப் பொதுப் பந்தி என்பது. அது யாரையும் அமைதிப்படுத்தவில்லை. அவ்வாண்டு ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர் நீத்தார். ஆண்டு முடிவதற்குள் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். இரண்டு சிறுவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வி ஒரு மாகாணத்தின் அரசியலையே இரண்டாகப் பிளந்தது. இதைச் சில்லறை விஷயம் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அது சில்லறை விஷயம் அல்ல.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் இதே வழக்கு. அங்கே பள்ளியில் சேர்ந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலோ, தனியாகவோ உட்கார வேண்டியிருந்தது. மானியம் பெறும் பள்ளிகளில் எல்லாருக்கும் சம ஆசனம் தரவேண்டும் என்று 1929-இல் அரசு பணித்தது. பதிலுக்குப் பள்ளிக் கொட்டகைகள் எரிந்தன. ஒரே பெஞ்சில் பிள்ளைகள் உட்காருவதைவிடப் பள்ளியே இல்லாமல் போவது மேல் என்று தீ வைத்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

இப்போது அந்த 4,540 பெண்பிள்ளைகளிடம் வரலாம். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். மெட்ரிகுலேஷன் தேறிய அந்தப் பெண் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது: ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா, அதுவும் இந்தக் குலத்துப் பெண்ணா. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு இடம் கொடுத்தார். முத்துலட்சுமி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சட்ட மேலவையில் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்து, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் எழுத்து அந்தக் குலத்துப் பெண்ணைக் கோயிலோடும் கச்சேரியோடும் கட்டி வைத்திருந்தது. அந்த எழுத்தைக் கொண்டே அவர் கட்டை அவிழ்த்தார்.

1927-இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணை, அரசு வேலைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்துப் பல பிரிவினருக்கும் பங்கு கொடுத்தது. அந்தப் பன்னிரண்டில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒன்று. பின்பு அதே முறை மருத்துவ, பொறியியல் கல்லூரிகளுக்கும் வந்தது. குடியரசான புதிதில் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அந்த ஆணையைச் செல்லாதென்றன. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, கல்வியில் பின்தங்கிய வகுப்புகளுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் பிரிவு சேர்ந்தது. டெல்லியின் சட்டப் புத்தகத்தில் சென்னைக் கல்லூரிகளின் இடக் கணக்கு ஒரு வரியை எழுதியது.

இரண்டே ஆண்டில் அடுத்த அலை. 1953-இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணி நேரமாக்கி, இரண்டு முறையாகப் பிள்ளைகளைப் பிரித்தது. மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நாட்டில் இருக்கும் கட்டடத்திலேயே இருமடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அரசு சொன்ன நியாயம். அது பொய்யான நியாயமும் அல்ல. ஆனால் எல்லார் வீட்டிலும் காத்திருந்த தொழில் ஒன்றல்ல. வக்கீல் வீடுகள் பட்டணத்தில் இருந்தன. திட்டம் பட்டணத்துக்கு இல்லை. தோல் பதனிடுபவரின் மகனும் பண்ணையாளின் மகனும் அரை நாள் எழுத்து படித்துவிட்டு எதைக் கற்க வீட்டுக்குப் போவார்கள் என்பதை அவர்கள் தகப்பன்மார் உடனே புரிந்துகொண்டார்கள். குலக்கல்வி என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பெயரே நிலைத்தது. ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல்வரான சில வாரங்களில், 1954 மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

காமராஜர் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவோடு சேர்ந்து அவர் கையில் எடுத்தது முப்பதாண்டுக்கு முன் ஆயிரம் விளக்கில் நின்றுபோன வேலை. 1956-இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊர் மக்கள் அரிசியும் விறகும் பாத்திரமும் கொடுத்தார்கள். பின்னர் அரசு மானியம் சேர்ந்தது. ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே வரிசையில் தட்டை வைத்து உட்கார்ந்தார்கள். எல்லா ஊரிலும் அது சுமுகமாக நடந்துவிடவில்லை. தட்டைத் தனியே வைத்த ஊர்களும், சமைத்தவரின் சாதி தெரிந்து பிள்ளையைச் சாப்பிட வேண்டாம் என்ற ஊர்களும் இருந்தன. அண்மைக் காலம் வரை அப்படிச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. என்றாலும் சேரன்மாதேவியின் பந்திக்கு அரசே போட்ட பதில் பந்தி அது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரித்தார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 80. பட்டியல் சாதியினரிடையே 73. பழங்குடியினரிடையே 54. மன்றோவின் பட்டியலில் இல்லாத கட்டங்கள் இப்போது இருக்கின்றன. அவற்றுள் எண்களும் ஏறியிருக்கின்றன. மலையில் இருக்கும் பிள்ளைக்குப் பள்ளி இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரின் வீட்டுக்குள் புகுந்து, உடன் படித்த மாணவர்களே அவரையும் அவர் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் வகுப்புக்கு வருவது தென் மாவட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்தது. வெட்டு விழுந்த பிறகே அரசு அதை விசாரிக்க நீதிபதி கே. சந்துருவின் குழுவை அமைத்தது.

2024 ஜூனில் வந்த அறிக்கை, கயிறுகளையும் நெற்றி அடையாளங்களையும் தடுக்கச் சொன்னது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் ‘கள்ளர் சீரமைப்பு’, ‘ஆதிதிராவிடர் நல’ என்ற முன்னொட்டுகளை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அரசுப் பள்ளி என்றே அழைக்கப் பரிந்துரைத்தது. கள்ளர் பள்ளிகளின் பெயரை மாற்றக்கூடாது என்று மதுரை, தேனி வட்டாரங்களில் உடனே எதிர்ப்பு எழுந்தது; அந்தப் பெயருக்குள் பெருங்காமநல்லூரின் நினைவு இருக்கிறது என்றார்கள். அறுநூறு பக்கங்களைத் தாண்டும் அந்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எந்தக் குறிப்பும் இருக்கக்கூடாது என்று ஒரு பரிந்துரை உண்டு. வகுப்பறையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கும் ஒன்று உண்டு: மாணவர்கள் தங்கள் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வேண்டும்.